ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல்: உடன் பயின்றோரின் பிற்காலம்

திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்னும் வழக்கு அதனின்று பிறந்தது. வீண் முயற்சியைக் குறிக்கவே இன்று அதனை ஆளுகிறோம். ஆயினும் கதையில் பொன் கிடைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்திருமுதுகுன்றமே இன்றைய விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையாலும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தாலும் பெயர் பெற்ற ஊர். முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என்னும் மூன்று பெயர்களுக்கும் முதிய மலை என்பதே பொருள். (அப்பெயரைத் தாங்கிய சொ. விருத்தாசலமாகிய புதுமைப்பித்தன் 42 வயதிலேயே மறைந்தது தமிழின் தீயூழ்.) பீங்கான் தொழில் கற்றோர் குசராத்தின் மோர்பி, உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா போன்ற தொலைவிடங்களில் பிழைப்புத் தேடுதல் இயல்பு. கலைக் கல்லூரியில் பயின்றோர் நிலையும் இதுவே. மூன்றாண்டுகள் ஒரே பலகையில் அமர்ந்தோர் முப்பது ஆண்டுகளில் முகவரியற்றுப் போகின்றனர். ஓய்வு பெற்ற பின்னரே 'அவன் எங்கே இருக்கிறான்?' என்னும் கேள்வி எழுகிறது. ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடும் வேலை அப்போது தொடங்குகிறது.

இத்தேடல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குத் தமிழ்த்துறையினர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அவ்வை துரைசாமியும் சி. இலக்குவனாரும் ஆசிரியர்களாக விளங்கிய மதுரைத் தியாகராசர் கல்லூரியில், சில ஆண்டுகள் முன்பின்னாக, அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், கா. காளிமுத்து, இன்குலாப், மு. மேத்தா ஆகியோர் பயின்றனர். காமராசனும் காளிமுத்துவும் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஒருங்கே நின்றவர்கள். பின்னர் அவரவர் வழி பிரிந்தது. அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியிலும், இன்குலாப் சென்னைப் புதுக்கல்லூரியிலும் தமிழ் கற்பித்தனர். இவ்விரண்டும் முஸ்லிம் பெருமக்களின் நிருவாகத்தில் உள்ளவை என்பது நமக்கு உவகை தருவது. மீரா சிவகங்கையில் கல்லூரிப் பணியோடு அன்னம் பதிப்பகத்தையும் நடத்தினார். காளிமுத்து சட்டப்பேரவைத் தலைவரானார்.

இவர்களது பிற்காலமும் ஓய்வாகக் கழியவில்லை. கல்லூரியை விட்ட பின்னரே, 1999ஆம் ஆண்டில், 'ஆலாபனை'க்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு அப்துல் ரகுமானைத் தேடி வந்தது. எழுபது வயதைக் கடந்து 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவராகப் பணியாற்றினார். இன்குலாப் 'ஔவை', 'மணிமேகலை' முதலிய நாடகங்களை எழுதினார். மேத்தா 2006ஆம் ஆண்டின் அகாதெமிப் பரிசினைப் பெற்றார்.

இழப்போ எதிர்பாராத விரைவில் நேர்ந்தது. மீரா 2002இலும் காளிமுத்து 2006இலும் மறைந்தனர். இன்குலாப் 2016 டிசம்பர் முதல் நாளிலும், காமராசன் 2017 மே மாதத்திலும், அப்துல் ரகுமான் 2017 ஜூன் 2ஆம் நாளிலும் காலமாயினர். ஏறத்தாழ ஆறு திங்களில் மூவர்! அவரவர் நூல்கள் நூலகத்தில் உள்ளன. எனினும், எவர் எவரது கவிதையை முதலில் கேட்டுத் திருத்தம் சொன்னார், எந்த ஆசிரியரின் எந்தப் பாடம் மாணவரைக் கவிஞராக்கிற்று என்பன போன்ற பொது நினைவுகள் தனியொருவரின் வாழ்க்கை வரலாற்றுள் முழுமையாக அடங்குவன அல்ல. அவை உடன் பயின்றோரின் நெஞ்சில் மட்டுமே வாழ்பவை. ஒருவர் மறைய ஒரு பகுதி மறைகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதனை ஓர் அறிவியல் ஆய்வாகவே மேற்கொண்டது. 1938இல் தொடங்கி 268 மாணவர்களைத் தேர்ந்து, அவர்தம் உடல்நலம், தொழில், இல்லறம், முதுமை அனைத்தையும் வாழ்நாள் முழுதும் தொடர்ந்து பதிந்தனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியும் அவர்களுள் ஒருவர். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டோரே எண்பது வயதில் நலமிக்கோராக இருந்தனர் என்றும், குருதிக் கொழுப்பின் அளவைவிட இதுவே முதுமை நலத்தை நன்கு முன்னறிவித்தது என்றும் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் விளக்கினார். தொடக்கத்தில் தேர்ந்த மாணவருள் பெண் ஒருவரும் இலர் என்பது அவ்வாய்வின் பெருங்குறை.

அக்குறை நம்மிடத்தும் உண்டு. மணத்திற்குப் பின் ஊரும் பெயரின் பின்னொட்டும் மாறிவிடுவதால், மாணவியரைத் தேடிக் காண்பது இருமடங்கு கடினம். மற்றொரு குறையும் உண்டு. பழைய மாணவர் கூட்டங்களில் மருத்துவருக்கும் அதிகாரிக்கும் மாலை விழுகிறது. பீங்கான் சூளையருகே உழைத்து ஓய்ந்து, இன்று தெருப்பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுப்பவர் அழைப்பிதழ் கிட்டினும் கூசி வாராதிருக்கிறார். தேடப்பட வேண்டியவர் அவரே என்பது என் துணிபு.

நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால், மறைந்த அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தோழியர்க்கும் இறைச்சி அனுப்பி வந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். தந்தையின் நண்பரோடு உறவைப் பேணுதல் மிகச் சிறந்த நற்செயல் என்னும் நபிமொழி, இப்னு உமர் (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. ஆகவே இப்பொறுப்பு முதியோருடையது மட்டுமன்று; அவர்தம் பிள்ளைகளாகிய இன்றைய மாணவருடையதும் ஆகும்.

துறைதோறும் பழைய மாணவர் பேரேடு இருப்பின் அதில் பதவியும் முகவரியுமே காணப்படும். 'ஓய்வுக்குப் பின் செய்வது' என்றொரு பத்தியையும், 'நினைவில் நிற்கும் வகுப்பு' என்றொரு பத்தியையும் அதில் சேர்த்தல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள மூத்த மாணவர் ஒருவரைக் கண்டு, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதி வரலாம். விருத்தாசலத்து மாணவர்க்கு இரயில் சந்திப்பு அருகிலேயே உள்ளது. பிற ஊர் முதியோரையும் கண்டு வர அது வாய்ப்பாகும். எழுபதைக் கடந்தோரிடம் முதலில் செல்லுதல் நன்று.