உவர்மண்ணும் வினாகிரியும்

வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இன்று துணி வெளுக்கும் முறையைக் கைப்பேசியே கற்பிக்கின்றது. முகநூலிலும் டிக்டொக்கிலும் வரும் குறிப்புகள் யாவும் புதியனவல்ல. சலவைச் சோடாக் கரைத்த வெந்நீரில் துணியைப் பல மணிநேரம் ஊறவைத்தால் உள்ளழுக்குக் கழலும் என்கின்றனர். நம் வண்ணார் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் இதுவே. உவர்மண்ணின் காரமும் சலவைச் சோடாவும் சோடியம் காபனேற்றே. ஆடைக்குக் கஞ்சிப்பசையிட்டு வெளுக்கும் புலைத்தியைக் குறுந்தொகையிற் கண்ட மாணவர்க்கு இத்தொழிலின் பழமை விளங்கும்.

அப்பச்சோடாவொடு வினாகிரியைக் கலக்குமாறு கூறுவது மற்றொரு குறிப்பு. நுரை பொங்கும், காண்போர் மகிழ்வர். ஆயின் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அழித்துவிடுதலின், எஞ்சுவது பெரிதும் உப்புநீரே. கேடில்லை, காசுதான் வீண்.

இரண்டு சேரின் வலிமை கூடும் என்னும் இந்நினைவே பிறிதோரிடத்தில் உயிருக்கு உலை வைக்கின்றது. துணி வெளிற்றும் குளோரின் திரவத்தொடு வினாகிரியையோ மலகூடம் கழுவும் அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்பிரல் 22இல் பெல்ஜியத்து ஈப்ரே நகரருகே ஜேர்மானியப் படை போர்க்களத்திற் பரப்பியது இவ்வாயுவையே. காற்றினும் கனமானதாகையால், சாளரமற்ற குளியலறையிலே தாழ்ந்து தங்கும். அமோனியா கலந்த திரவங்களையும் குளோரினோடு கூட்டலாகாது. அதனாலும் நச்சுவாயு பிறக்கும். கண்ணும் மூக்கும் எரியத் தொடங்கின், வாளியைக் கவிழ்க்கவும் நில்லாது உடனே வெளியேறித் திறந்த காற்றை நாடுக.