ஆலைக்குள் கால் வைக்கும் முன்

பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அல்லது ஒப்பந்தக்காரர் மூலம் அங்கே போகப்போகிறீர்கள். முதல் நாள் வேலையில் இறக்காமல் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வைப்பார்கள். வீடியோ காட்டுவார்கள், நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். ‘எனக்குத்தான் வேலை தெரியுமே, இதெல்லாம் எதற்கு?’ என்று தோன்றலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹெல்மெட்டும் ஷூவும் போட்டால் போதாதா?

போதாது. அவை கடைசித் தடுப்புதான். முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளுக்கோ முறைக்கோ மாற வேண்டும். அடுத்தது, இயந்திரத்துக்கும் ஆளுக்கும் நடுவே மறைப்பு. அதற்குப் பிறகு பயிற்சியும் விதிகளும். இவ்வளவும் செய்த பின்னும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், கையுறை, காதடைப்பான். இரைச்சலான இடத்தில் காதடைப்பானை மட்டும் தந்தால், ‘இயந்திரத்தைச் சுற்றி ஒலித்தடுப்பு போட முடியாதா?’ என்று நீங்கள் கேட்கலாம்.

பத்து நிமிட வேலைக்கு எதற்குப் பெர்மிட்?

பெர்மிட் (இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னார் இந்த வேலையைச் செய்யலாம் என்ற எழுத்து அனுமதி) வெறும் காகிதமாகத் தெரியும். அது சரியான கைக்குப் போய்ச் சேராததால் என்ன நடந்தது என்பதற்கு வடகடலில் ஒரு சான்று இருக்கிறது.

ஆக்ஸிடென்டல் என்ற அமெரிக்க நிறுவனம் அங்கே பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையை நடத்தியது. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த குழாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோனது. வால்வு இல்லாத செய்தி இரவு ஷிஃப்டுக்கு வந்து சேரவில்லை. முதல் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

இதில் உங்களுக்கான பாடம் இரண்டு. பெர்மிட் கையில் வந்ததும், எந்தக் குழாய், எந்த இயந்திரம் என்பதைச் சீட்டோடு நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை பாதியில் நின்றால், அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். ‘அவருக்குத் தெரிந்திருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஏன் பூட்டுப் போட வேண்டும்?

நீங்கள் இயந்திரத்துக்குள் கை விட்டிருப்பது சுவிட்ச் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. அதனால்தான் லாக்-அவுட் (மின்சாரம், காற்று, நீராவி வரும் வழியை அடைத்துப் பூட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடும் முறை). உள்ளே நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. உங்கள் பூட்டின் சாவி உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஓடாவிட்டால்தான் சரியான இடத்தைப் பூட்டியிருக்கிறீர்கள். மின்சாரம் போனாலும் அடைபட்ட காற்று, இழுபட்ட ஸ்பிரிங், மேலே தூக்கி நிற்கும் பிரஸ் இவற்றில் விசை மிச்சமிருக்கும். அதையும் வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

அடிபடவில்லையே, அதை ஏன் எழுதித் தர வேண்டும்?

மேலிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார் மேலும் படவில்லை. இதைத்தான் நியர் மிஸ் (நூலிழையில் தப்பிய நிகழ்வு) என்கிறார்கள். இன்று தப்பியது அடுத்த முறை தப்பும் என்று சொல்ல முடியாது. ‘எழுதினால் என் தலையில் விழுமோ’ என்ற பயம் நியாயமானதுதான். அதனால் ஆளை எழுதாமல் நிலைமையை எழுதுங்கள்: எந்த இடம், எந்த நேரம், என்ன விழுந்தது, கீழே வலை இருந்ததா. எழுதியதற்கு என்ன நடவடிக்கை என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.

‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் பெரிய எண் இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

அந்த எண், கை கால் அடிபடுவதைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுக்கும். கொதிகலனின் நிலையையோ குழாயின் துருவையோ அது சொல்லாது. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23 அன்று வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். தனியாட்களின் காயக் கணக்கு குறைவாக இருந்ததை, ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று பின்னர் ஆராய்ந்த குழு சொன்னது.

இறந்த 15 பேருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள். அபாயகரமான பகுதிக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட தற்காலிக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். ஆகவே உங்கள் ஓய்வறை எதற்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். சைரன் அடித்தால் எல்லோரும் வந்து கூட வேண்டிய இடத்துக்கு ஒரு முறை நடந்து போய் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஒப்பந்த ஆள். வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்ற விதி பல பன்னாட்டு நிறுவனங்களில் இருக்கிறது. முதல் நாள் வகுப்பிலேயே, ‘இது ஒப்பந்த ஆட்களுக்கும் பொருந்துமா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 1984 போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான ஆலைகளில் உயிருக்கு ஆபத்து நெருங்குவதாக நியாயமான அச்சம் வந்தால், நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் தொழிலாளர் சொல்லலாம் என்று அது வகை செய்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை உண்டு. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஒருவேளை அடிபட்டுவிட்டால்?

சின்னக் காயம் என்றாலும் முதலுதவி அறைப் பதிவேட்டில் அன்றே எழுதச் செய்யுங்கள். ‘வீட்டில் விழுந்ததாகச் சொல், சிகிச்சைச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவானவர் பணியில் காயம்பட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், தற்காலிக ஊனத்துக்கான பணம் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது பொருந்தும். வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிட்டால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே உங்கள் இஎஸ்ஐ எண்ணை ஒப்பந்தக்காரரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி, வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.