பாங்காக்கில் படகேறுங்கள்

பாங்காக் போகிறீர்களா? டாக்சியில் ஏறி நெரிசலில் முழிப்பதைவிட, சாவோ பிரயா ஆற்றுப் படகுகளைப் பழகிக்கொள்ளுங்கள். சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கினால், பக்கத்திலேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு வந்ததும் சட்டென்று ஏறிவிட வேண்டும். அது துறையில் அதிக நேரம் நிற்காது. நீளமான உலோகக் குழலைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு நடத்துநர் வருவார். சில்லறை தயாராக இருக்கட்டும்.

1782-இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய அரண்மனைக்கும் இந்தப் படகிலேயே போகலாம். உள்ளே நுழைய, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். "இன்றைக்கு அரண்மனை விடுமுறை, வேறு இடம் காட்டுகிறேன்" என்று வெளியே யாராவது அன்பொழுகச் சொன்னால் நம்பாதீர்கள். நேரே வாசலுக்கே போய்ப் பாருங்கள்.

அருகே வாட் போ கோயிலில், 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர். எல்லோரும் முகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். அழகெல்லாம் பாதங்களில்! சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கே மின்னுகின்றன.

சீலோம் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் உண்டு. தாய்லாந்து மக்களும் அங்கே மாலையும் கையுமாக வருகிறார்கள். உள்ளே மட்டும் படம் எடுக்க அனுமதியில்லை.