அமர்ந்து உழைப்போருக்கு அரைமணி நடை

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே உள்ள கழக்கூட்டம் பகுதியில் இருவேறு உலகங்கள் அருகருகே அமைந்துள்ளன. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கிலோ பல்லாயிரவர் கணிப்பொறியின் முன் அமர்ந்தே பணிபுரிகின்றனர். 2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா நடந்த அரங்கும் இங்கேதான் உள்ளது. ஆயினும், அரங்கம் அருகில் இருப்பதனால் மட்டும் உடல்நலம் வந்துவிடாது.

நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துச் செலவிடுகின்றன. நெடுநேரம் அமர்ந்திருப்போரிடம் இவ்வேலை குன்றுகிறது. நீரிழிவு மிகுந்த கேரளத்தில் இது சிறு செய்தியன்று.

வயது வந்தோர் வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் போதும். நடக்கையில் பேச இயல வேண்டும், பாட இயலக்கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பதும் பயன் தரும். சிறுவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை. முதியோர், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தமர்ந்து பழகலாம். கால்கள் வலுப்பெறும், விழும் அபாயம் குறையும்.

பல இல்லங்களில் கணவர் அதிகாலையில் உலவச் செல்கிறார், மனைவி அடுப்படியில் நிற்கிறார். வீட்டு வேலையே அவருக்குப் பயிற்சி என்பர். நின்றபடி சமைப்பது விரைந்த நடைக்கு ஈடாகாது. அவருக்கும் அந்த அரைமணி கிடைக்க வேண்டுமாயின், காலைச் சமையலில் ஒரு பங்கைப் பிறர் ஏற்க வேண்டும். மழைக்காலத்தில் திண்ணையோ மாடிப்படியோ போதும்.