துணைநிற்கும் தந்திகள்

ஆலயங்களில் இசைக்கருவிகள் பெருகப் பெருக, மக்கள் வாய்திறந்து பாடுவது குறைகின்றது என்னும் ஏக்கம் பெரியோர் பலருக்கு உண்டு. கருவியை முழக்குவது எளிது. பாட்டுக்குத் துணைநிற்பதோ அரிது. இவ்வரிய கலையைப் பெடல் ஸ்டீல் கித்தார் என்னும் கருவி அழகுறக் கற்பிக்கின்றது. நம் ஊர்களில் அதனைக் காண்பது அரிதெனினும், அது புகட்டும் பாடம் நம் பாடற்குழுக்கள் அனைத்துக்கும் பொருந்துவதாகும்.

தந்திமீது உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியவர் ஹவாய்த் தீவினரான ஜோசப் கெக்குக்கு. நம் கோட்டுவாத்தியமும் கட்டையை வழுக்கி வாசிக்கப்படுவதே. ஆயினும் அது இராகத்தைப் பாடும். பெடல் ஸ்டீல் கித்தாரோ பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ‘கார்டு’ எனும் சுரக்கூட்டுக்குப் பெயர் பெற்றது. பெரும்பாலும் 10 தந்திகள் கொண்ட இக்கருவியில், காலால் மிதிக்கும் பெடல்கள் தந்தியை இழுத்துச் சுரத்தை மாற்றும்.

ச-க-ப என்பது ஒரு சுரக்கூட்டு. இதனையே க-ப-ச என்றும், ப-ச-க என்றும் அடுக்கலாம். சுரங்கள் அவையே; அடியில் நிற்பது மட்டும் வேறு. இவ்வரிசைமாற்றமே ‘இன்வர்ஷன்’. உருக்குத் துண்டை நகர்த்தாமல், வெவ்வேறு தந்திகளை மீட்டியே இம்மூன்றையும் பெறலாம். இனி, பெருவழக்கிலுள்ள ‘ஈ நைன்த்’ சுருதியமைப்பில் முதலிரு பெடல்களை மிதித்தால், காந்தாரம் மத்திமமாகும்; பஞ்சமம் தைவதமாகும்; சட்ஜம் அசையாது. ச-க-ப என்பது ச-ம-த ஆகின்றது. இது ம-த-ச எனும் கூட்டின் வரிசைமாற்றமே. கை தாவவில்லை, ஆதலின் பாடுவோரின் செவியும் தடுமாறுவதில்லை.

கீபோர்டு பயிலும் பிள்ளைகளும் இதனைச் செய்து பார்க்கலாம். ‘சி’ கார்டிலிருந்து ‘எஃப்’ கார்டுக்குக் கையைத் தூக்கித் தாவாமல், ‘சி’ சுரத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டை மட்டும் அடுத்த வெள்ளைக் கட்டைகளுக்கு நகர்த்துக.

தாளத்திலும் இதே அடக்கம் வேண்டும். கூட்டினைச் சுருக்கமாக மீட்டி, உள்ளங்கை ஓரத்தால் தந்திகளை உடனே அமர்த்துவர். நான்கு எண்ணிக்கைத் தாளமாயின் இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலித்து, முதல் அடியைப் பாட்டுக்கே விட்டுவிடலாம். கீழ்ச் சுரங்களைப் பேஸ் கித்தாருக்கு ஒதுக்குவதும் நன்று.

இப்பண்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் (1859–1922) பெருமை, ஒரு கையகலக் கருவியால் நிலைபெற்றது அன்றோ!

கருவியொலி குரலுக்குத் துணையாகலாம். சொற்கள் விளங்காதபடி அதனை மூழ்கடித்தலாகாது எனத் திருவழிபாட்டு இசை குறித்து உரோமை 1967இல் வெளியிட்ட அறிவுறுத்தலும் கூறுகின்றது. பெற்றோரே, இசை பயிலும் உங்கள் பிள்ளை எத்தனை பாடல் வாசிக்கின்றான் என்று மட்டும் கேளாதீர்கள். அவன் வாசிக்கும்போது பின்வரிசையிலுள்ள பாட்டியும் சேர்ந்து பாடுகின்றாரா என்று பாருங்கள்.