கால் படும் இடத்துக்கு மட்டும் கல்

எங்கள் பகுதியில் வீடு கட்டி முடித்ததும் அடுத்த வேலை, வாசலில் இருந்து கொல்லை வரைக்கும் பேவர் பிளாக் பதிப்பது. சிலர் ஒரேயடியாக சிமெண்ட் தளமே போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "சேறு ஆகாதுங்க, பாம்பு வந்தா கண்ணுக்குத் தெரியும், கூட்டறது லேசு" என்பார்கள். மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். வயதானவர்கள் ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் "மண்ணை மூடாதே" என்று பொத்தாம்பொதுவாகப் பிரசங்கம் செய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. நடக்கக் கெட்டியான தரை வேணும். எவ்வளவு வேணும் என்பதுதான் கேள்வி.

வங்கியில் இருந்த பழக்கம், எதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். வீட்டைச் சுற்றி 1,000 சதுர அடி காலி இடம் என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர் வரும். மண்ணாக விட்டால் அதில் நல்ல பங்கு உள்ளே இறங்கும். தளம் போட்டால் தெருச் சாக்கடைக்குப் போகும். பேவர் பிளாக்கின் இடுக்கில் இறங்காதா என்று கேட்கலாம். அடியில் கிரஷர் தூளை இறுக்கி, இடுக்கிலும் நைசான தூள் அடைத்துக்கொண்ட பிறகு இறங்குவது கொஞ்சம்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். இப்போது அதே வீட்டில் தரைத் தண்ணீரை வெளியே தள்ளுகிறோம். ஒரு கையில் டெபாசிட், மறு கையில் வித்டிராயல்!

மரங்களின் பாடு இதைவிட மோசம். மா, முருங்கை, வேம்பு எதுவானாலும் சத்து எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவி இருக்கும். அவற்றுக்குத் தண்ணீரோடு காற்றும் வேணும். தூரை ஒட்டி வட்டமாக ஓரடி விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடினால், மரம் உடனே பட்டுப்போகாது. நுனிக்கிளை காயும், காய்ப்பு குறையும். "மரத்துக்கு என்னமோ நோய்" என்று மருந்து தேடுவோம்.

நான் சொல்வது இதுதான்: ஒரு வாரம் உங்கள் வீட்டு ஆட்கள் எங்கெங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து வாசல், அடுப்படியிலிருந்து துவைக்கிற கல், அங்கிருந்து மாட்டுக்கொட்டகை. மொத்தம் 60 அடி நீளம், 3 அடி அகலம். வண்டி நிறுத்த 200 சதுர அடி. ஆக 380 போக, 620 சதுர அடி மண்ணாகவே கிடக்கிறது. அதில் பாத்தியும் மூடாக்கும்.

கல் பதிக்க சிமெண்ட் தேவையில்லை. ஏழு அங்குலம் தோண்டி, மூன்று அங்குலம் ஜல்லி கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே இரண்டு அங்குலம் மணல் பரப்பி, இரண்டு அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகையை வைக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் கொடுங்கள். வழியும் தண்ணீர் பாத்திக்குப் போகட்டும். கல்லுக்குக் கல் ஓரங்குலம் இடைவெளி விட்டு மணல் நிரப்பினால் போதும். என் மாமியார் கைத்தடி ஊன்றி நடப்பவர். தடி நுனி அந்த இடுக்கில் மாட்டியதால், அவர் நடக்கும் வழியில் மட்டும் அரை அங்குலமாகக் குறைத்துவிட்டோம். பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு சும்மா கிடைக்கிறதே என்று பதித்துவிடாதீர்கள். மழையில் வழுக்கும். உளியால் கொத்திய சொரசொரப்பான கல்தான் காலுக்கு நல்லது.

பாத்தி ஓரத்துக்குப் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த நாட்டு ஓடு, பழைய ஆட்டுக்கல் எல்லாம் உதவும். கொங்கு நாட்டில் வேலிக்கு நடும் கல்காலை நட்டுக் கம்பி இழுத்தால் புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் ஆச்சு. கரையானுக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் கல்லைச் சும்மா குவித்து வைக்கக் கூடாது. பாம்பும் தேளும் அடைவது அந்தக் குவியலில்தான். வீட்டை ஒட்டி அடுக்குகிற கல் வரப்பு ஓரடிக்கு மேல் உயர வேண்டாம்.

வேலையைச் சித்திரையிலேயே தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுங்கள். முதல் மழைக்காலத்தில் சில கற்கள் நிச்சயம் இறங்கும். தை மாதம் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அடியில் ஒரு கூடை மணல் போட்டு, திரும்ப வைத்துவிடலாம். கொத்தனார்கூட வேண்டியதில்லை.