கோடைத் தோட்டமும் வீட்டுத் தையலும்

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் உலர்வலயக் கிராமங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒற்றோபர் முதல் சனவரி வரையிலேயே பெய்துவிடுகின்றது. மே முதல் செத்தெம்பர் வரை மழை மிகக் குறைவு. சோழகக் காற்றும் கடும் வெயிலும் மண்ணின் ஈரத்தை விரைவிற் கவர்ந்துவிடும். இக்காலத்தில் கமக்காரர் இல்லங்களில் இரண்டு பொருள்கள் அரிதாகின்றன. ஒன்று கிணற்று நீர். மற்றையது இல்லத்தரசியின் நேரம். இவ்விரண்டையும் அளந்து செலவிடும் குடும்பம் கறியையும் ஆடையையும் கடன்படாது பெறும்.

காலபோகத்திற் செழித்த தோட்டத்தின் அளவிலேயே சிறுபோகத்திலும் பாத்திகளை அமைப்போர் பலர். கிணற்றில் நீர் கீழிறங்கியதும் பயிர் வாடும். அதுவரை இட்ட விதையும் எருவும் உழைப்பும் வீணாகும். ஆகவே கிணற்றின் நீரைக் கண்டே தோட்டத்தின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லீற்றர் நீர் எனக் கொண்டால், 20 சதுர மீற்றர் பாத்திகளுக்கு 100 லீற்றர், அஃதாவது 10 லீற்றர் வாளியால் 10 வாளி நீர் செல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற்பாறையிலே தங்கிய மழைநீரை நம்பியுள்ளன. கரையோரங்களில் அளவுமீறி இறைத்தாற் கிணறு உவராகும்.

நீர் பாய்ச்சுதற்கு அதிகாலையும் மாலையும் ஏற்றவை. நண்பகலில் ஊற்றும் நீர் கூடுதலாக ஆவியாகிவிடும். எனவே உச்சிவெயில் நேரத்தைத் தையலுக்கு ஒதுக்குதல் நன்று. அப்போது வீட்டினுள் வெளிச்சமும் போதியளவு உண்டு. பாத்திகளுக்கு வைக்கோல் அல்லது சருகினால் மூடாக்கு இட்டால் ஈரம் நிலைக்கும், களையும் குறையும். களை பிடுங்கும் நேரம் மீதமாகும்.

விதை அனைத்தையும் ஒரே நாளில் இடுதல் தகாது. முளைக்கீரை நான்கு வாரமளவில் பிடுங்கத்தக்கதாகும். வெண்டி ஏறக்குறைய 50 நாளிற் காய்க்கத் தொடங்கும். இரு வார இடைவெளியிற் சிறிது சிறிதாக விதைத்தால் அறுவடையும் வேலையும் ஒருங்கே குவியா. வெண்டியில் இலை நரம்புகள் மஞ்சளாகும் நோய் தோன்றின், அச்செடியை உடனே பிடுங்கி அகற்றல் வேண்டும். இந்நோயை வெண்ணீ ஏனைய செடிகளுக்கும் பரப்பும்.

தையலிலும் இத்தகைய திட்டம் வேண்டும். 1993ஆம் ஆண்டு ஆரம்பித்த திட்டத்தின்கீழ் அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை வழங்கப்படுகின்றது. துணியாகக் கிடைக்கும்போது வீட்டிலே தைத்தால் தையற்கூலி மிஞ்சும். பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்தல் வேண்டும். இல்லையேல் முதற் சலவையில் ஆடை சுருங்கிவிடும். வளரும் பிள்ளையின் ஆடைக்கு அடிமடிப்பை அகலமாக விட்டால் அடுத்த ஆண்டும் உதவும். பழைய சாரத்தின் தேயாத பகுதி தலையணை உறைக்கும் கைக்குழந்தையின் சட்டைக்கும் போதும்.

இவ்வேலைகள் யாவும் ஒருவர் தலையிற் சுமத்தப்படின் எத்திட்டமும் நிலையாது. காலையில் நீர் இறைத்தலை ஆடவர் ஏற்கலாம்; மாலையிற் காய் பறித்தலைப் பிள்ளைகள் செய்யலாம். சிறுபோக நெல் அறுவடையின்போது தையலை நிறுத்தி, தோட்டத்திலும் புதிய விதைப்பைத் தவிர்த்தல் நன்று. வீட்டிற் பறித்த காயின் சந்தை விலையையும் மிஞ்சிய தையற்கூலியையும் ஒரு கொப்பியிற் குறித்துவரின், வளவினுள் நிகழும் இவ்வுழைப்பின் பெறுமதி வீட்டார் அனைவர்க்கும் விளங்கும். அடுத்த கோடையில் எத்தனை பாத்தி இடலாம் என்பதற்கும் அக்கணக்கே வழிகாட்டும்.